கடைசி பெஞ்சுக்கு அடியில் கிடந்த பொட்டலம்

கேள்வி: நான் வேடசந்தூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நான்தான். போன வாரம் தேர்வுக்காக பெஞ்சுகளை நகர்த்தியபோது, கடைசி வரிசைக்கு அடியில் நான்கைந்து சின்ன வெள்ளைப் பைகள் கிடந்தன. தேயிலைப் பை போல இருந்தாலும் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. புதினா வாசம் அடித்தது. உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலை அது என்று பிறகுதான் தெரிந்தது. மூன்று மாணவர்கள்மேல் எனக்குச் சந்தேகம். அவர்களில் ஒருவனைத் தனியாக அழைத்துக் கேட்டேன். கோடை விடுமுறையில் சித்தப்பாவின் லாரியில் கூடப் போனபோது தூக்கம் வராமல் இருக்கப் பழகினானாம். "சிகரெட் இல்லை டீச்சர், புகையே வராது. எங்கள் பாட்டி எழுபது வயதிலும் வெற்றிலையோடு புகையிலை போடுகிறார். அவருக்கு என்ன ஆகிவிட்டது?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் ஒரு பாடவேளை எடுத்து விழிப்புணர்வு வகுப்பு நடத்தும்படி தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். சக ஆசிரியர் ஒருவர் வாய்ப் புற்றுநோய்ப் படங்களை அனுப்பியிருக்கிறார். அவற்றைக் காட்டலாமா? என்ன சொல்லிக் கொடுப்பது? அந்த மூவரின் பெற்றோரிடம் சொல்லலாமா? எங்கள் ஆசிரியர்களிலேயே இருவர் பள்ளிக்கு எதிர்க் கடையில் நின்று புகைக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

படங்களைக் காட்டாதீர்கள். மற்றவற்றுக்குப் பிறகு வருகிறேன். அந்தத் தவற்றை நானே செய்தவன் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

பல் மருத்துவராகப் பள்ளி முகாம்களுக்குப் போகத் தொடங்கிய புதிதில், கன்னத்தில் துளை விழுந்த படம், பாதித் தாடையை எடுத்த படம் என்று வரிசையாக ஓட்டினேன். முன்வரிசையில் ஒரு மாணவி எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுடைய அப்பா அதே அறுவை சிகிச்சை முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். கடைசியில் ஒரு பையன் கையைத் தூக்கினான். "அந்தப் படத்தில் இருப்பவருக்கு என்ன வயது டாக்டர்?" ஐம்பத்திரண்டு என்றேன். "எனக்குப் பதினான்கு. அப்படியென்றால் இன்னும் முப்பத்தெட்டு வருடம் இருக்கிறது" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. அவன் போட்ட கணக்கில் பிழை இல்லை. பாடத்தை ஐம்பத்திரண்டாம் வயதில் கொண்டுபோய் வைத்தது நான்தான்.

அந்தப் படங்கள் அவர்களுக்குப் புதியவையும் அல்ல. 2016 முதல் சிகரெட், புகையிலை உறைகளில் 85 சதவீத இடம் எச்சரிக்கைப் படத்துக்குத்தான். திரையரங்கில் படம் தொடங்குமுன் வரும் எச்சரிக்கைக் குரலை அப்படியே பேசிக்காட்டிக் கைதட்டு வாங்கும் பையன் ஒருவன் எல்லா வகுப்பிலும் இருப்பான். புகையிலையில் கண்ணாடித் தூளைக் கலக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதையும் விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும் பத்தில் ஒன்று மிகை என்று அவன் கண்டுபிடித்துவிட்டால் மிச்சம் ஒன்பதையும் அதோடு சேர்த்துத் தள்ளிவிடுவான். மிகைப்படுத்தத் தேவையும் இல்லை, உள்ளதே போதும்.

உள்ளதைச் சொல்ல உங்கள் ஊரைவிடத் தோதான இடம் கிடையாது. புகையிலைக்கென்றே ஆராய்ச்சி நிலையம் அமைத்த ஊர்ப்பக்கம் நீங்கள். புகையிலை வயலைப் பார்த்த பிள்ளைகள், அதில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அங்கிருந்தே தொடங்குங்கள். பனி காயாத இலையை ஒடிக்கிறவர்களுக்குச் சில சமயம் தலை சுற்றி, குமட்டி, வாந்தி வருவது உண்டு. ஈர இலையிலிருந்து நிக்கோட்டின் கைத்தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்குவதால் வருவது அது. தோட்டத்தில் அசுவினி விழுந்தால் புகையிலையை ஊறவைத்துக் காய்ச்சித் தெளித்ததைத் தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள். தன்னைத் தின்ன வரும் பூச்சியைக் கொல்லத்தான் அந்தச் செடி நிக்கோட்டினைத் தயாரிக்கிறது. காய்ப்புக் காய்த்த உள்ளங்கைத் தோலையே தாண்டுகிற பொருள், உதட்டின் உள்பக்கத்து மெல்லிய சவ்வை என்ன செய்யும் என்று கேட்டு நிறுத்திவிடுங்கள். பதிலை அவர்கள் சொல்லட்டும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். புகையிலை பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளை, தன் அப்பாவைக் குற்றவாளியாக்குகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்து ஒரு சோதனை. நீங்கள் அறிவியல் ஆசிரியை, உங்களுக்கு இது கைவந்த வேலை. மஞ்சள் கரைசலில் காகிதத்தை நனைத்து உலர்த்தி வையுங்கள். அதில் சுண்ணாம்புத் தண்ணீரை ஒரு சொட்டு விட்டால் சிவந்துவிடும். "ஆரத்தி!" என்று யாராவது ஒரு மாணவி கத்துவாள். ஆரத்தித் தட்டில் நடப்பது அதுதான், சுண்ணாம்பு அமிலத்துக்கு எதிரான காரப்பொருள், அது பட்டு மஞ்சள் சிவக்கிறது. இப்போது புகையிலைக்கு வாருங்கள். மெல்லுகிற, அடக்குகிற புகையிலையோடு சுண்ணாம்போ வேறு காரப்பொருளோ சேருவது ருசிக்காக மட்டும் அல்ல. காரத்தன்மை கூடினால்தான் நிக்கோட்டின் மின்னேற்றம் இழந்து சவ்வைச் சுலபமாகக் கடக்கும். வெற்றிலைப் பெட்டிக்காரர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும், தொழிற்சாலைக்காரர்களுக்குப் பாடமாகவே தெரியும். சிகரெட்டை இழுத்தால் நிக்கோட்டின் சுமார் 10 விநாடியில் மூளைக்குப் போய்விடுகிறது. உதட்டுக்குள் அடக்கினால் மெதுவாக ஏறும், ஏறியது நெடுநேரம் நிற்கும். "புகையே வராது டீச்சர்" என்ற வாதத்துக்கு இதுதான் பதில். நுரையீரல் தப்பியது உண்மைதான், அந்த வேலையை உதடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் புகையில்லாத புகையிலையிலும் இருக்கின்றன. இந்த ஒரு வரிக்கு மேல் புற்றுநோய் வேண்டாம்.

நான் அதிக நேரம் செலவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். "அதைப் போட்டால்தான் மனம் நிலையாக இருக்கிறது, பாடம் கவனிக்க முடிகிறது" என்று பழகிய பையன் சொல்லுவான். பொய் சொல்லவில்லை, அவனுக்கு அப்படித்தான் தெரிகிறது. கரும்பலகையில் நேரத்தை எழுதுங்கள். காலை எட்டரைக்கு ஒரு பொட்டலம். இரத்தத்தில் ஏறிய நிக்கோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பத்தரை மணிக்குக் கால் ஆடுகிறது, எரிச்சல் வருகிறது, கணக்கு ஆசிரியர் பேசுவது காதில் விழவில்லை, கண் கடிகாரத்தில் இருக்கிறது. இடைவேளை மணி அடித்ததும் இன்னொன்று. அப்பாடா என்கிறது மனம். அந்தப் பத்தரை மணிப் பதற்றம் எட்டரை மணிப் பொட்டலம் கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், எதுவும் போடாத பையனுக்கு அந்தப் பதற்றமே கிடையாது. ஒன்றும் போடாமலே அவன் இருக்கும் நிலைக்குப் போய்ச்சேர இவன் காசு கொடுக்கிறான்.

கந்துவட்டி என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். வட்டி கட்ட மறுபடி அதே ஆளிடம் கடன் வாங்குகிறவர்களை அவர்கள் தெருவிலேயே பார்த்திருப்பார்கள். இளம் வயதில் இந்தக் கடன் சீக்கிரம் ஏறுகிறது. ஆசையை அடக்கி யோசிக்கும் மூளையின் முன்பகுதி முதிர இருபத்தைந்து வயது வரை ஆகிறது. அதற்குள் நிக்கோட்டினுக்குப் பழகும் மூளை அதைச் சுற்றியே தன்னைக் கட்டிக்கொள்ளும். பெரியவர்களில் புகையிலையை விடமுடியாமல் தவிப்பவர்களைக் கேளுங்கள், பலர் பள்ளிக்கூட வயதில் தொடங்கியவர்களாக இருப்பார்கள்.

இது விற்கிறவர்களுக்கும் தெரியும். இன்றைய பதின்வயதினரே நாளைய நிரந்தர வாடிக்கையாளர் என்ற பொருள்பட அமெரிக்காவின் பிலிப் மோரிஸ் நிறுவனம் 1981இல் தனக்குள் ஓர் அறிக்கை எழுதி வைத்திருந்தது. பின்னாளில் வழக்குகள் நடந்தபோது அது வெளியே வந்தது. இதைப் படித்துக்காட்டினால் வகுப்பின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஏமாளியாக இருக்க அந்த வயதில் யாருக்கும் பிடிக்காது. அதே நிறுவனம் 1998இல் "யோசி, புகைக்காதே" என்று இளைஞர்களுக்கு உபதேசம் செய்யும் விளம்பரங்களையும் எடுத்தது. அவற்றால் பயன் விளையவில்லை என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். "இது பெரியவர்கள் விவகாரம், உனக்கு வேண்டாம்" என்பது பதினான்கு வயதுக்காரனுக்கு அழைப்பிதழ். நிறுவனங்களின் தந்திரத்தைப் போட்டுடைத்த புளோரிடா மாநிலத்து இளைஞர் பிரச்சாரம் அதே காலத்தில்தான் பலன் தந்தது.

சரக்கின் பெயரை வகுப்பில் உச்சரிக்காதீர்கள், அது செலவில்லாத விளம்பரம். நானும் இங்கே அதனால்தான் எழுதவில்லை. அது என்ன விலை என்று பொதுவாகக் கேட்டு, ஒரு நாளைக்கு, ஒரு வருடத்துக்கு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். விலை யாருக்கெல்லாம் உடனே தெரிகிறது என்பதை மனத்துக்குள் குறித்துக்கொண்டு, தெரியாததுபோல் இருந்துவிடுங்கள்.

"எல்லாரும் போடுகிறார்கள்" என்ற பேச்சுக்கும் மருந்து உண்டு. வகுப்பின் தொடக்கத்தில் பெயர் எழுதாத துண்டுச் சீட்டில், நம் நாட்டில் 13 முதல் 15 வயது மாணவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். என் முகாம்களில் முப்பது, ஐம்பது, சமயத்தில் எண்பது என்றுகூட எழுதுவார்கள். 2019இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் வந்த விடை 8.5 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் தொடுவதில்லை. அதே கணக்கெடுப்பில் எனக்கு உறுத்திய இன்னொரு எண்ணும் உண்டு. புகையில்லாப் புகையிலையைத் தொட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பத்து வயது நிறையுமுன்பே முதன்முதலில் தொட்டவர்கள். ஒன்பதாம் வகுப்பில் நடத்துவது தாமதம்தான். அடுத்த முறை ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்கலாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி வையுங்கள். மே 31 புகையிலை எதிர்ப்பு நாள், ஆனால் அன்று நம் பள்ளிகள் கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும். ஜூனிலேயே ஒரு நாளைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு மூன்று விரல் சோதனை. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே அவரவர் விரலை அவரவர் வாயில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள், சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். மூன்று விரலும் நுழைய வேண்டும். பாக்கு தொடர்ந்து மெல்லுகிறவர்களுக்கு வாயின் உள்சதை நாராக இறுகி, வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும். முதல் அறிகுறி எரிச்சல். ரசம் சாதம்கூட எரிகிறது என்பார்கள். கன்னத்தின் உள்பக்கம் வெளுத்துப் பளிங்குபோல ஆகும். பிறகு இட்லியைக்கூடப் பிட்டுத்தான் வாய்க்குள் தள்ள வேண்டும். இருபது வயதைத் தாண்டாத பையன்களை நான் இந்த நிலையில் பார்த்திருக்கிறேன். இறுகிய சதையைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது, மேலும் இறுகாமல் நிறுத்தத்தான் முடியும். "வெறும் பாக்குதான் டாக்டர், புகையிலை இல்லை" என்று சொல்லுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். புகையிலை சேராத பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணி என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறது. கல்யாண வீட்டுத் தாம்பூலத்தில் வரும் இனிப்புப் பாக்கு உறையும் இதில் சேர்த்தி. விரல் நுழையாத பிள்ளை இருந்தால் எல்லார் முன்னாலும் எதுவும் சொல்லாமல், பிறகு அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு அனுப்புங்கள். சொத்தைப் பல்லால்கூட வாய் திறக்காமல் இருக்கலாம்.

மின்சிகரெட் பற்றி உங்கள் வகுப்பில் அதிகம் பேச வேண்டியதில்லை. யாராவது கேட்டால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடு முழுவதும் அதன் விற்பனைக்குத் தடை, உள்ளே இருப்பது அதே நிக்கோட்டின் என்று சொன்னால் போதும்.

இனி அந்தப் பாட்டி. "பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பதற்கு நீங்கள் பதில் சொல்ல முயல வேண்டாம், பாட்டியே சொல்லட்டும். நான் பள்ளிகளில் கொடுக்கும் வீட்டுப்பாடம் ஒன்று இருக்கிறது. வீட்டில் புகையிலை போடுகிற, புகைக்கிற பெரியவர் யாரிடமாவது மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வர வேண்டும். எந்த வயதில் தொடங்கினீர்கள், யார் கொடுத்தார்கள்? அது கிடைக்காத நாளில் எப்படி இருந்தது? விட முயன்றது உண்டா? ஒரு பையன் எழுதி வந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மழை பெய்த ஓர் இரவு புகையிலை தீர்ந்துவிட்டதாம். பாட்டி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நான்கு வீட்டுக் கதவைத் தட்டினாராம். கடைசி வீட்டில் ஒரு துணுக்கு கிடைத்ததாம். அதை வாங்கக் கை நீட்டியபோது வெட்கமாக இருந்தது என்று பேரனிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் அதை வகுப்பில் படித்தபோது யாரும் சிரிக்கவில்லை. இந்த வீட்டுப்பாடத்தை யாரையும் கட்டாயப்படுத்திப் படிக்கச் சொல்லாதீர்கள். சில வீடுகளில் அப்பா குடித்துவிட்டு அடிக்கிற கதையும் கூடவே வரும்.

அந்த மூவரையும் வகுப்பில் வைத்துப் பேசாதீர்கள். பையைத் துழாவுவது, பிரார்த்தனைக் கூட்டத்தில் நிறுத்துவது, டி.சி. கொடுத்துவிடுவேன் என்று மிரட்டுவது எதுவும் வேண்டாம். பள்ளியைவிட்டுப் போகிறவன் நேராக லாரிக்குத்தான் போவான். தனித்தனியே கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பொட்டலம்? மதியம், சாயங்காலம், நண்பர்களோடு இருக்கும்போது என்றால் இன்னும் பழக்கத்தின் வாசலில்தான் நிற்கிறான், உங்கள் பேச்சே போதுமானதாக இருக்கலாம். எழுந்த அரைமணிக்குள் என்றால் உடம்பு அடிமைப்பட்டுவிட்டது. அவனுக்கு உபதேசத்தால் ஆவது ஒன்றும் இல்லை, சிகிச்சைதான் வேண்டும். புகையிலையை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. உங்கள் அறையிலிருந்து, நீங்கள் பக்கத்தில் இருக்க, அவனே பேசட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவிலும் உதவி கேட்கலாம். நிக்கோட்டின் சூயிங்கம் கடையில் கிடைக்கிறதே என்று நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவனுக்கு அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

விடுகிறேன் என்று அவன் ஒத்துக்கொண்டால் முதல் மூன்று நாட்கள்தான் கடினம். தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகத் தணியும். ஒவ்வொரு தடவை எழும் வேட்கையும் சில நிமிடங்கள்தான் நிற்கும், அதைக் கடத்திவிட்டால் போதும். அந்த நாட்களில் தண்ணீர் குடிக்க வெளியே போகிறேன் என்றால் விடுங்கள். சட்டைப் பையில் கொஞ்சம் சோம்பு வைத்துக்கொள்ளட்டும். மற்ற ஆசிரியர்களிடம், இவன் இந்த வாரம் சிடுசிடுப்பான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று காரணம் சொல்லாமல் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். நடுவில் ஒருநாள் மறுபடி போட்டுவிட்டு வந்து நிற்பான். அது சகஜம். எங்கே, யாரோடு இருந்தபோது போட்டான் என்று மட்டும் கேளுங்கள். அனேகமாக லாரி என்பான்.

அதனால் பெற்றோரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொல்லப்போகிறேன் என்று முதலில் அவனிடம் சொல்லுங்கள். அம்மாவா, அப்பாவா, யாரிடம் சொன்னால் அடி விழாது என்பது அவனுக்குத்தான் தெரியும். புகாராக எழுதி அனுப்பாமல், அவர்களை வரவழைத்து உட்காரவைத்து, பையன் விட முயல்கிறான், உங்கள் உதவி வேண்டும் என்று தொடங்குங்கள். அடுத்த விடுமுறையில் லாரிக்கு அனுப்பாமல் இருப்பதும் அந்த உதவியில் ஒன்று.

சட்டம் பையன் பக்கம் இருக்கிறது. பதினெட்டு வயது ஆகாதவருக்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான், கடைக்காரர் சிரித்துக்கொண்டே கட்டிவிடுவார். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவைப் பற்றிக் கேட்டால் சிரிக்கமாட்டார். குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கணக்கு ஆசிரியரிடம் சொல்லி, ஒரு நாள் மாணவர்களை வைத்து பள்ளிச் சுற்றுச்சுவரின் வெளி எல்லையிலிருந்து டேப் பிடித்து 91 மீட்டரை அளந்து மஞ்சள் கோடு போடச் சொல்லுங்கள். புகையிலையில்லாக் கல்வி நிலையத்துக்கான மத்திய அரசின் வழிகாட்டுதலிலேயே அந்தக் கோடு இருக்கிறது. கோட்டுக்குள் எந்தக் கடை வருகிறது என்பதை ஊரே பார்க்கும். புகார் எழுதுவது தலைமையாசிரியரின் பெயரில் போகட்டும். நீங்கள் தனியாகக் கடைக்காரரோடு மோத வேண்டியதில்லை.

எதிர்க் கடையில் நிற்கும் அந்த இரண்டு ஆசிரியர்களைப் பற்றிச் சொன்னீர்கள். அவர்களைத் திருத்துவது உங்கள் வேலை அல்ல. ஆனால் அவர்களில் ஒருவர் துணிந்து உங்கள் வகுப்புக்கு வந்து, கல்லூரி நாளில் தொடங்கினேன், எத்தனையோ முறை விட முயன்றேன், முடியவில்லை என்று இரண்டு நிமிடம் சொன்னால் அதற்கு ஈடாக நானும் பேச முடியாது, எந்தப் படமும் பேசாது. கேட்டுப் பாருங்கள், மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

சோதனைக்குச் சுண்ணாம்பு ஒரு மிளகளவு போதும். கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகள் கையில் கொடுக்காமல் நீங்களே சொட்டு விடுங்கள். மஞ்சள் காகிதம் நன்றாக உலர்ந்திருந்தால் சிவப்பு எடுப்பாகத் தெரியும்.